தைராய்டு, சுகர் மாத்திரைகள்: எதைக் குறைக்கலாம், எதைத் தொடவே கூடாது

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 62 வயது. தைராய்டுக்கு லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம், சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின். ஆறு வருடமாகப் போடுகிறார். "ஒரு தடவை ஆரம்பித்தால் உடம்பு அதற்கே பழகிவிடும், கடைசியில் கிட்னி போய்விடும், மெல்ல நிறுத்திவிடு" என்று பெரியப்பா சொல்ல, அம்மா யாரிடமும் கேட்காமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்துவிட்டார். நிறுத்தலாமா? தங்கைக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி, மாதவிடாய் தள்ளிப்போகும் ஹார்மோன் கோளாறு) என்று கொடுத்திருக்கும் மாத்திரைகளும் இதே கதைதானா?

பதிலை முதலில் சொல்கிறேன். இந்த நான்கில் டாக்டரே குறைக்க அதிக வாய்ப்புள்ளது கிளிமிபிரைடு. தைராய்டு மாத்திரை தேவையா இல்லையா என்பதற்கான விடை, ஆறு வருடத்துக்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கிறது. மெட்ஃபார்மின் அம்மாவின் எடையையும், சுகர் வந்து எத்தனை வருடம் ஆகிறது என்பதையும் பொறுத்தது. கொழுப்பு மாத்திரையை நிறுத்த நீங்கள் எழுதியதில் ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. நான்கையும் ஒரே மாதிரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

"பழகிவிடும்" என்ற பேச்சைக் கொஞ்சம் பார்ப்போம். ஹார்மோன் சம்பந்தப்பட்ட மருந்துகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில, உடம்பில் இல்லாத ஒன்றை வெளியிலிருந்து தருகின்றன. சில, அளவுக்கு மீறிச் சுரப்பதை அடக்குகின்றன. சில, இருப்பதையே நன்றாக வேலை செய்ய வைக்கின்றன. நிறுத்த முடியுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மாத்திரை அல்ல, அதன் பின்னால் இருக்கும் நோய். மாத்திரையை நிறுத்தினால் சுகர் ஏறுகிறது என்றால், மாத்திரை சுகரை உண்டாக்கியது என்று பொருளல்ல. அது அடக்கி வைத்திருந்தது மறுபடி வெளியே வருகிறது. உடம்பு உண்மையிலேயே பழகிக்கொள்ளும் மருந்துகளும் உண்டு. அவை கொஞ்சம்தான். அம்மாவின் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவற்றைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் தானாக நிறுத்துவது ஆளையே சாய்க்கும்.

முதலில் தைராய்டு. 1891இல் ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கிலேய மருத்துவர், தைராய்டு முற்றிலும் செயலிழந்து முகம் வீங்கி, பேச்சு குழறி, அசையவே சிரமப்பட்ட 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அவர் தேறினார். பிறகு அதே சாறு வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. மேலும் 28 வருடம் வாழ்ந்து 1919இல், 74 வயதில் இறந்தார். அதற்குள் 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு அவருக்குச் செலவாகியிருந்தது. "உடம்பு பழகிவிட்டது" என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவர் உடம்பில் அந்த ஹார்மோன் இல்லை, அவ்வளவுதான். இன்று நாம் போடும் லெவோதைராக்சின், சொந்தத் தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனின் அதே மூலக்கூறு. உடம்புக்கு அது எங்கிருந்து வந்தது என்று வித்தியாசம் தெரியாது.

ஆக, யாருக்கு ஆயுள் முழுக்க? அறுவை சிகிச்சையில் தைராய்டை எடுத்தவர்கள், கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குப் பிறகு சுரப்பு நின்றவர்கள், சொந்த நோய் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தின்றுவிடும் ஹாஷிமோட்டோ நோயில் சுரப்பி தேய்ந்துவிட்டவர்கள். இவர்களுக்கு நிறுத்துவது என்ற பேச்சே பொதுவாகக் கிடையாது.

ஆனால் மாத்திரை போடும் எல்லோரும் இந்தக் கூட்டத்தில் இல்லை. டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது கூடும்) கொஞ்சம் மட்டும் கூடி, டி4 சரியாகவே இருந்தபோது மாத்திரை ஆரம்பிக்கப்பட்டவர்கள் நிறையப் பேர். டிஎஸ்எச் 10க்குக் கீழே, டி4 இயல்பு, தொந்தரவும் பெரிதாக இல்லை என்றால் பல நேரம் காத்திருந்து மறுபடி பார்த்திருக்கலாம். வயது ஏற ஏற டிஎஸ்எச் இயல்பாகவே சற்றுக் கூடும் என்பது வேறு. 2017இல் வெளியான டிரஸ்ட் என்ற ஆய்வில், 65 வயது தாண்டிய, இப்படி லேசான குறைபாடுள்ள 737 பேரில் பாதிப் பேருக்கு லெவோதைராக்சினும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துச் சோர்விலோ மற்ற அறிகுறிகளிலோ இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டு அழற்சியில் மாத்திரை போட ஆரம்பித்தவர்களில் பலருக்கும் ஒரு வருடத்துக்குள் சுரப்பு திரும்பிவிடுவதுண்டு.

அதனால்தான் ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தத் தாளைத் தேடச் சொல்கிறேன். அன்றைக்கு டிஎஸ்எச் 6 என்று இருந்ததா, 40 என்று இருந்ததா? ஹாஷிமோட்டோவைக் காட்டும் டிபிஓ ஆன்டிபாடி பார்த்தார்களா? 40 என்றால் பேச்சு முடிந்தது. 6 என்றால் டாக்டரிடம், "குறைத்துப் பார்க்கலாமா?" என்று தைரியமாகக் கேளுங்கள், அது நியாயமான கேள்விதான். அவர் சரி என்றால் டோஸைக் குறைத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் பார்ப்பார்.

ஏன் அவ்வளவு வாரம் என்றால், லெவோதைராக்சின் உடம்பை விட்டு மிக மெதுவாகத்தான் போகும். பாதி குறையவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். அடியில் சிறு கசிவுள்ள பெரிய தொட்டி போல: குழாயை மூடிய மறுநாள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் அப்படியேதான் இருக்கும். "பத்து நாள் நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் எல்லோரும் அந்தத் தொட்டியைத்தான் பார்த்தார்கள். மூன்றாவது மாதம் உடம்பு கனத்து, குளிர் தாங்காமல், மலச்சிக்கலோடு வரும்போது அவர்களுக்குப் பழைய நிறுத்தம் நினைவிலேயே இருக்காது. இதே காரணத்தால் ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டியதும் இல்லை. நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம்.

தைராய்டு மாத்திரை "வேலை செய்யவில்லை" என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போகும் பலரிடம் குறை மாத்திரையில் இல்லை, போடும் விதத்தில் இருக்கிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு, சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. காபி குடிப்பதும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலையில் முடியவே முடியாது என்றால், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் தினமும் அதே மாதிரி. மாத்திரை டப்பாவில் காலை அறையைத் திறந்தால் தைராய்டு, கால்சியம், இரும்பு மூன்றும் ஒன்றாகக் கிடப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒழுங்காக அடுக்கியிருப்பார்கள், பாவம். அந்த ஒழுங்கே மருந்தைக் கெடுக்கிறது. கர்ப்பம் உறுதியானால் மட்டும் விஷயம் தலைகீழ். அப்போது தேவை கூடும், நிறுத்துவது குழந்தைக்கும் ஆபத்து, உடனே டாக்டரிடம் சொல்லி டோஸை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் கார்பிமசோல் இதற்கு நேர் எதிர். அது கால வரையறையோடுதான் கொடுக்கப்படுகிறது: நோய் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோயில் வழக்கமாக 12 முதல் 18 மாதம், அப்புறம் நிறுத்திப் பார்ப்பது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வரும். அப்போது கதிரியக்க அயோடினா, அறுவை சிகிச்சையா, திரும்பவும் மாத்திரையா என்று யோசிக்கலாம். இதைப் போடுகிறவர்கள் மறக்கக்கூடாத ஒன்று: காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். அரிதாக இந்த மருந்து வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். சாதாரண ஜலதோஷம் என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

சரி, இப்போது நிறுத்தினால் ஆளைச் சாய்க்கும் மருந்துகள். டைப் 1 சுகர் உள்ளவர்களுக்கு இன்சுலின் என்பது மருந்துகூட அல்ல, உடம்பில் இல்லாமல் போன ஒன்று. 1922 ஜனவரியில் டொரொண்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அதைச் செலுத்தும் வரை, அந்த நோய் வந்த குழந்தைகள் மெலிந்து மெலிந்து இறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்தச் சிறுவன் மேலும் 13 வருடம் வாழ்ந்தான். டைப் 1 உள்ளவர் காய்ச்சலில் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தாலும் அடித்தள இன்சுலினை (சாப்பாட்டைச் சாராமல் நாள் முழுக்க வேலை செய்வது) நிறுத்தக் கூடாது. "சாப்பிடவே இல்லையே, எதற்கு ஊசி?" என்று கேட்பது இயல்புதான். ஆனால் நோய் வரும்போது உடம்பு தானே சர்க்கரையையும் கீட்டோனையும் (கொழுப்பு எரிவதால் உண்டாகும் அமிலம்) ரத்தத்தில் கொட்டும். அந்த ஒன்றிரண்டு நாளில்தான் பலர் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்கிறார்கள்.

இன்னொன்று ஸ்டீராய்டு. பெரியப்பா சொன்ன "பழகிவிடும்" என்பது அப்படியே பொருந்தும் இடம் இது. நம் சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தினமும் கார்டிசால் (உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோன்) சுரக்கின்றன. மூட்டுவலி, ஆஸ்துமா, தோல் நோய் என்று ஏதோ ஒன்றுக்காக, கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் ப்ரெட்னிசோலோனை மூன்று நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், "போதுமான அளவு வெளியிலிருந்தே வருகிறது" என்று மூளை சமிக்ஞையை நிறுத்திவிடும், அட்ரீனல் தூங்கிவிடும். அந்த நேரத்தில் மாத்திரையைச் சட்டென்று விட்டால் உடம்பில் கார்டிசாலே இருக்காது. எழுந்தால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவு, சோடியம் குறைவு. இதோடு ஒரு காய்ச்சலோ விபத்தோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் படிப்படியாகக் குறைக்கச் சொல்வது. அட்ரீனல் முழுதாக விழிக்கச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

இதில் எனக்கு எப்போதும் கோபம் வரும் விஷயம் ஒன்று உண்டு. "பக்கவிளைவே இல்லை" என்று சொல்லி, பெயரில்லாத பொடியாகவும் உருண்டையாகவும் விற்கப்படும் மூட்டுவலி மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல நாடுகளில் பரிசோதனையில் தெரிய வந்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உருண்டையாகும், சுகர் காரணமில்லாமல் ஏறும். அவர் அதை நிறுத்தும் நாளில் என்ன ஆகிறது என்று அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வீட்டில் யாராவது இப்படி ஒன்று சாப்பிட்டால் அதைக் குப்பையில் போடுவதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

அட்ரீனலே பழுதாகிவிட்ட அடிசன் நோயில் ஹைட்ரோகார்டிசோன் ஆயுள் முழுக்க. அங்கே நிறுத்தாமல் இருப்பது மட்டும் போதாது. காய்ச்சல் வந்தால் டோஸை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆக்க வேண்டும். வாந்தி வந்து மாத்திரை வயிற்றில் நிற்கவில்லை என்றால் ஊசி வேண்டும். இவர்கள் நோயின் பெயரை எழுதிய அட்டை ஒன்றைப் பையில் வைத்திருப்பது நல்லது.

இனி அம்மாவின் சுகர். டைப் 2 சுகர் விஷயத்தில் "ஆயுள் முழுக்க" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன காலம் போய்விட்டது. 2017இல் வெளியான டைரக்ட் என்ற பிரிட்டன் ஆய்வில், சுகர் கண்டுபிடித்து ஆறு வருடத்துக்குள் இருந்த, இன்சுலின் போடாத ஆட்களை எடுத்தார்கள். சுகர் மாத்திரைகளை முதல் நாளே நிறுத்திவிட்டு, மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் மட்டும் உணவு, அப்புறம் மெல்ல வழக்கமான சாப்பாடு. ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சுகர் வரம்புக்குள் இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் எடை குறைத்தவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம். இரண்டாவது வருட முடிவில் மொத்தத்தில் 36 சதவீதமாக இறங்கியது, ஏனென்றால் சிலருக்கு எடை திரும்பிவிட்டது. எல்லாம் மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இதை நோய் ஒழிந்தது என்று சொல்வதில்லை, ரெமிஷன் என்கிறார்கள். எல்லா மருந்தையும் நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் பரிசோதனை) 6.5க்குக் கீழே இருந்தால் அந்தப் பெயர். எடை ஏறினால் சுகரும் திரும்பி வரும், எனவே வருடம் ஒருமுறையாவது பரிசோதனை தொடரும். சுகர் வந்து பல வருடம் ஆகி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் ஓய்ந்துவிட்டவர்களுக்கு இந்த வாய்ப்பு குறைவு. அம்மாவுக்கு ஆறு வருடம், எல்லையில் நிற்கிறார். கூடுதல் எடை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பெரியப்பாவின் யோசனையைவிட நூறு மடங்கு உருப்படியான வழி இது.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. மெட்ஃபார்மின் கிட்னி வழியாகத்தான் வெளியேறுகிறது. கிட்னி பழுதானால் அது உடம்பில் தேங்கும் என்பதால், இஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் திறனைக் காட்டும் எண்) 45க்குக் கீழே போனால் டோஸைக் குறைத்து, 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? "கிட்னி போனதும் டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார், அப்படியென்றால் அதுதான் காரணம்." உண்மையில் கிட்னியைக் கெடுத்தது வருடக்கணக்கில் கட்டுப்படாத சுகரும் ரத்த அழுத்தமும். மெட்ஃபார்மினுக்கு நிஜமான குறை ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை: வருடக்கணக்கில் போடும்போது பி12 சத்தைக் குறைக்கும். கால் மரத்துப்போனால் சுகரால்தான் என்று முடிவு கட்டாமல் ஒருமுறை பி12 பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு தொந்தரவு தந்தால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம். அந்த வகை மாத்திரையின் கூடு சில நேரம் கரையாத மாதிரியே மலத்தில் வெளியே வரும். "மாத்திரை முழுசாக வந்துவிட்டது" என்று பயந்து இன்னொன்றைப் போட்டுவிட வேண்டாம், மருந்து உள்ளே இறங்கியிருக்கும்.

கிளிமிபிரைடு வேறு ரகம். அது கணையத்தை முடுக்கி இன்சுலினை வெளியேற்றும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் லோ சுகர். வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, எரிச்சல், பேச்சில் குழப்பம். வயதானவர்களிடம் இதைச் சோர்வு என்றோ மறதி என்றோ நினைத்துவிடுகிறார்கள். உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, 70க்கு மேல் ஏறியதும் சாப்பாடு. சுகர் ஏறிவிட்டது என்று அதோடு விட்டுவிடக் கூடாது. இந்த மருந்தின் லோ சுகர் பல மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரும், கிட்னி பலவீனமானவர்களிடம் இன்னும் நீளும். மாவுச்சத்தும் சர்க்கரையும் செரிப்பதைத் தாமதிக்கும் வோக்லிபோஸ், அகார்போஸ் போன்றவையும் சேர்த்துப் போடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். அம்மாவின் எச்பிஏ1சி நன்றாக இறங்கியிருந்தால், முதலில் குறைக்க வேண்டியது இதைத்தான் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுவே.

புதிய மருந்துகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் அடுத்த தடவை டாக்டர் இவற்றில் ஒன்றை எழுதக்கூடும். டபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் வகை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும். அதனால் இவற்றைப் போடும்போது சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை நிறையத்தான் காட்டும், பயப்பட வேண்டாம். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி, பட்டினி, அறுவை சிகிச்சை என்றால் முன்கூட்டியே நிறுத்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் சுகர் அதிகம் ஏறாமலே கீட்டோன் கூடிவிடும். இவை இதயம் பலவீனமானவர்களுக்கும் கிட்னி நோயாளிகளுக்கும் சுகர் இல்லாவிட்டாலும்கூடக் கொடுக்கப்படுகின்றன. ஆகவே "சுகர் நார்மல் ஆகிவிட்டதே" என்று இதை நிறுத்துவது எதற்காகக் கொடுத்தார்கள் என்று தெரியாமல் நிறுத்துவது.

எடை குறைக்கும் வாராந்திர ஊசி செமாகுளுடைடு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2021இல் வந்த ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. ஊசியை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மூன்று மாதக் கோர்ஸ் என்று நினைத்து ஆரம்பிப்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவது ஏமாற்று வேலை என்பது என் கருத்து. குமட்டல், வாந்தி சகஜம், பித்தப்பைக் கல்லும் வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தால் தொடவே கூடாது.

கொழுப்பு மாத்திரை. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரில் ஸ்டாடின் (அம்மா போடும் அடோர்வாஸ்டாடின் இந்த வகை) எடுத்தவர்களிடம் மரணம் 30 சதவீதம் குறைந்தது. சுகர் உள்ள 62 வயதுக்காரருக்கு அது எழுதப்படுவது, ரிப்போர்ட்டில் ஓர் எண்ணைச் சரி செய்ய அல்ல, ரத்தக் குழாயைக் காக்க. நிறுத்தினால் சில வாரங்களில் கொழுப்பு பழைய அளவுக்குப் போய்விடும். உடம்பில் எந்த அடையாளமும் தெரியாது, அதுதான் வம்பு. உடல்வலிக்காக நிறுத்துகிறார்கள் என்றால், 2020இல் செய்த ஓர் ஆய்வு சுவாரசியமானது: ஸ்டாடினால் வலி என்று நிறுத்திய 60 பேருக்கு, எது எது என்று தெரியாமல் மாதம் மாற்றி மாதம் ஸ்டாடினும் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஸ்டாடின் மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் வந்தது. மீதி உண்மை, அதையும் மறுக்க வேண்டாம். அம்மாவுக்கு வலி இருந்தால் இன்னொரு காரணமும் இருக்கலாம்: தைராய்டு குறைந்தால் கொழுப்பும் ஏறும், தசைவலியும் வரும். தைராய்டு மாத்திரையை ஒரு நாள் விட்டுப் போட்டுவிட்டு, வலிக்குக் கொழுப்பு மாத்திரையைக் குற்றம் சொன்னால் எப்படி?

அம்மாவின் வயதில் எலும்பு மெலிவுக்கும் மருந்து வரக்கூடும். நிறுத்துவதில் ஒரே நோய்க்கான இரண்டு மருந்துகள் எப்படி எதிரும் புதிருமாக இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் எலும்பிலேயே ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் இருக்கும். ஐந்து வருடம் போட்ட பிறகு, அபாயம் குறைவானவர்களுக்கு டாக்டரே விடுமுறை விடுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி அப்படியல்ல. அதைத் தள்ளிப்போட்டாலோ மாற்று மருந்தில்லாமல் விட்டாலோ, தேய்மானம் ஒரேயடியாகப் பாய்ந்து முதுகெலும்பில் வரிசையாக முறிவு வரலாம். உடம்பு "பழகிக்கொள்ளும்" சொற்ப மருந்துகளில் இதுவும் ஒன்று, ஆரம்பிக்கும்போதே எப்படி முடிப்பது என்று கேட்டுவிட வேண்டும். அலென்ட்ரோனேட்டும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்காமல். தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில். இரண்டும் மோதும் அந்த ஒரு காலையில் தைராய்டை இரவுக்கு மாற்றலாமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

தங்கைக்கு வருகிறேன். பிசிஓடி மாத்திரைகள் பெரும்பாலும் காலவரையறை உள்ளவைதான், ஆனால் எதற்காக எது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹார்மோன் மாத்திரையில் மாதாமாதம் வரும் ரத்தப்போக்கு, மாத்திரையின் இடைவெளியால் வருவது. கோளாறு தீர்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளமல்ல. நிறுத்தியதும் பழையபடி தள்ளிப்போனால் "மாத்திரையால் கெட்டது" என்றும் அர்த்தமல்ல. அது செய்யும் முக்கியமான வேலை வேறு: மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் இருந்தால் கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், பிற்காலத்தில் அது ஆபத்து. மாத்திரையோடோ இல்லாமலோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும். ஒளிவட்டம் தெரியும் ஒற்றைத் தலைவலி, ரத்த உறைவு, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது. தேவையற்ற முடி வளர்ச்சிக்குக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் பலன் காட்ட ஆறு மாதம் ஆகும். அந்தக் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. குழந்தைக்காக முயலும்போது லெட்ரோசோல் எழுதினால், பெட்டியைப் பார்த்து "புற்றுநோய் மருந்தாச்சே" என்று பயந்துவிடுவார்கள். மார்பகப் புற்றுநோயில் அது தினமும், வருடக்கணக்கில். இங்கே மாதவிடாய்ச் சுழற்சியின் ஆரம்பத்தில் ஐந்தே நாள். எடை கூடுதலாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்குச் சுழற்சி ஒழுங்குக்கு வரும்.

தங்கைக்குப் புரோலாக்டின் (பால் சுரப்புக்கான ஹார்மோன்) கூடுதல் என்று ரிப்போர்ட் வந்தால், மூளை ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன், வாந்திக்கு டோம்பெரிடோன் மாதிரி ஏதாவது போட்டாரா, தைராய்டு குறைவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே அதை ஏற்றும்.

இப்போது செய்ய வேண்டியது. அம்மா நான்கு மாத்திரைகளையும் எழுதிக் கொடுத்தபடியே மறுபடி தினமும் போடட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: இத்தனை நாள் கிளிமிபிரைடைப் பாதியாக எடுத்தவர் என்பதால், முழு டோஸுக்குத் திரும்புவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வெறும் வயிற்றில் சுகர் அளவையும் வீட்டில் பார்த்துச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச், டி4. எச்பிஏ1சி, கிட்னிக்குக் கிரியேட்டினினும் இஜிஎஃப்ஆரும், கொழுப்பு, பி12. பழைய தைராய்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டரிடம், இடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்த எண்களைப் பார்த்து டோஸை ஏற்றிவிடுவார். முடி கொட்டுவதற்கென்று தங்கை பயோட்டின் மாத்திரை போட்டு, அம்மாவும் அதே பாட்டிலிலிருந்து எடுத்துக்கொள்கிறாரா என்றும் விசாரியுங்கள். அது பல ஆய்வகக் கருவிகளில் டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டும், பார்க்கிறவர் மருந்து அதிகமாகிவிட்டது என்று டோஸைக் குறைத்துவிடுவார். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்.